விடுதலை எப்ப, பிள்ளை?

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவியர் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அக்கா என்னைப் பேச அழைத்தபோது இரண்டு நிபந்தனைகள் போட்டார். உரை அரை மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது, சாப்பாடு ஆறிவிடும். நீரிழிவு, இரத்த அழுத்தம் பற்றிப் பேசக்கூடாது. சாப்பிட மனம் வராது. இரண்டுக்கும் சம்மதித்தேன். பிறகு திகதியைக் கேட்டேன். "போயாவிலன்று வைப்பம். எல்லாருக்கும் லீவுதானே" என்றார்.

வைத்தியசாலையில் வேலை செய்பவளிடம் 'எல்லாருக்கும் லீவு' என்று சொன்னால் சிரிப்புத்தான் வரும். ஆனால் தொலைபேசியை வைத்த பின்னும் அந்த வசனம் காதில் நின்றது. ஆகவே லீவு நாட்களைச் சொல்ல நாங்கள் வாயில் வைத்திருக்கும் சொற்களைப் பற்றியே இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன். நான் தமிழ்ப் பண்டிதை அல்ல. எங்கள் தமிழ் ரீச்சர் முன்னால் இருக்கிறா. பிழை விட்டால் சாப்பாட்டு நேரத்தில் திருத்தட்டும். நான் சொற்களைக் கேட்பது நோயாளர் வாயிலிருந்து. நோகிறபோது மனிதர் பேசும் சொற்கள் பெரும்பாலும் அவர்கள் சிறுவயதில் பேசிய சொற்கள்தான்.

முதலில் செயலாளர் அக்கா சொன்ன போயாவையே எடுப்போம். பாளி மொழியில் 'உபோசத' என்ற நோன்பு நாள் சிங்களத்தில் 'போய' ஆனது; அது எங்களிடம் 'போயா' என்று வந்தது. எங்கள் அம்மம்மாவுக்கு அந்த நாள் 'பறுவம்'. சித்திராப் பறுவத்துக்கு அவர் தன் தாயை நினைத்து விரதம் இருப்பார். இன்று என் மகளுக்குப் பறுவம் என்றால் தெரியாது, போயா தெரியும். அதே நிலவு, அதே நாள். அம்மம்மாவுக்கு விரதம், மகளுக்கு லீவு, இன்னும் சிலருக்குச் சாராயக் கடை பூட்டுகிற நாள். அவர்கள் முதல்நாளே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதன் பலனைப் போயா இரவில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் தைத்துக்கொண்டிருப்போம்.

இங்கே இருக்கும் மூத்த அக்காமாருக்கு ஒரு விடயம் நினைவிருக்கும். 1966ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து 1971 வரை இந்த நாட்டில் ஞாயிறு வார ஓய்வு நாளாக இருக்கவில்லை. நிலவின் நான்கு கால்களையும் ஒட்டி வரும் போயா நாட்களே வார ஓய்வு. நிலவுக்கு எங்கள் கலண்டர் தெரியாதே. ஒரு கிழமைக்கு ஏழு நாள் வரும், இன்னொரு கிழமைக்கு எட்டு நாள் வரும். அம்மா அப்போது இந்தக் கல்லூரியின் மாணவி. "ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம், புதன்கிழமை லீவு, அடுத்த கிழமை அதுவும் மாறும். பூசைக்குப் போற பிள்ளையள் விடியவெள்ளனப் போட்டு ஓடி வருவினம்" என்று அவர் சொல்லும்போது எங்களுக்குக் கதை போல இருக்கும். ஒரு சட்டம் வந்தது, ஞாயிறு என்ற சொல்லின் பொருள் மாறியது. இன்னொரு சட்டம் வந்தது, பழையபடி திரும்பியது. இப்படி மாறும் சொல்லால் யாருக்கும் பெரிய காயம் இல்லை.

காயத்தோடு மாறிய ஒரு சொல்லைப் பற்றித்தான் இன்று நான் முக்கியமாகப் பேச விரும்புகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் வாட்டில் ஓர் அம்மா அனுமதிக்கப்பட்டிருந்தார். வயது 86. பெயர் சொல்லமாட்டேன், இந்தக் கதையை மட்டும் சொல்வதற்கு அவருடைய மகளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் முப்பது வருடங்களுக்கு மேல் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தவர். சிறுநீர்த் தொற்றோடு வந்திருந்தார். அந்த வயதில் தொற்று ஏற்பட்டால் சிலருக்கு நாளும் இடமும் குழம்பிவிடும். மருந்து ஏற ஏறத் தெளியும். அவர் காலையில் அமைதியாக இருப்பார். மதியம் கழிந்ததும் கட்டிலில் எழுந்து இருந்துகொண்டு போகிற வருகிறவர்களை எல்லாம் கேட்பார்: "விடுதலை எப்ப, பிள்ளை? எங்களுக்கு விடுதலை எப்ப?"

எங்களோடு பயிற்சியில் இருந்த இளம் வைத்தியர் தென்னிலங்கையைச் சேர்ந்தவர். நோயாளரோடு பேசவேண்டும் என்று ஆசைப்பட்டுத் தமிழ் படித்த நல்ல பிள்ளை. அவர் என்னைத் தனியாக அழைத்து, "மெடம், இந்த அம்மா அரசியல் கதைக்கிறாவா? நான் குறிப்பில் என்ன எழுதுறது?" என்று கேட்டார். அவரில் பிழையில்லை. அந்தச் சொல்லை அவர் செய்தியில் மட்டும்தான் கேட்டிருப்பார்.

பிழை என்னில். நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டிலடிக்குப் போய், குனிந்து, குரலைத் தணித்து, "அம்மா, அப்பிடிக் கதையாதேங்கோ. ஆக்கள் நிக்கினம்" என்றேன். வகுப்பில் பேச்சு வாங்கிய பிள்ளையைப் போல அவர் என்னைப் பார்த்தார். பிறகு சீலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டார். பின்னேரம் மகள் வந்தபோது விடயத்தைச் சொன்னேன். அவர் ஒரு கணம் திகைத்துவிட்டுச் சிரித்தார். "ஐயோ டொக்டர், அம்மா கேக்கிறது பள்ளிக்கூட விடுதலையை. பள்ளிக்கூடம் எப்ப விடும், தவணை எப்ப முடியும் எண்டு கேக்கிறா."

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஏனென்றால் அந்தச் சொல் என்னுடைய சொல். இந்த மண்டபத்தில் என் வயதுக்கு மேற்பட்ட எல்லோருடைய சொல். "சித்திரை விடுதலைக்குச் சின்னம்மா வீட்டை போவம்." "விடுதலைக்கு முதல் கொப்பியெல்லாம் திருத்தி வாங்கோணும்." "பள்ளிக்கூடம் நாளையோடை விடுதலை." இப்படித்தானே எங்கள் வீடுகளில் பேசினார்கள்? தவணை முடிந்து கடைசி மணி அடிக்கும்போது இந்த மண்டபத்துப் படிகளில் நாங்கள் கத்திக்கொண்டு ஓடியது அந்தச் சொல்லைத்தான்.

அது 'விடு' என்ற சொல்லின் பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டது, மழை விட்டது, காய்ச்சல் விட்டது என்கிறோம். பிடித்து வைத்திருந்த ஒன்று கையைத் தளர்த்துகிறது. மறியலில் இருந்து வருகிறவனுக்கும் விடுதலை, சின்ன வகுப்புப் பிள்ளைக்கும் விடுதலை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டவர்கள் குறும்புக்காரர்களாக இருக்கவேண்டும். பள்ளிக்கூடத்தை அவர்கள் என்னவென்று நினைத்தார்கள் என்று அதிபர் அவர்கள் முன்னிலையில் நான் விரித்துச் சொல்லவில்லை.

நவாலியூர் சோமசுந்தரப் புலவரை உங்களுக்குத் தெரியும். 1878இல் பிறந்து 1953இல் மறைந்தவர். ஆடிப்பிறப்பைப் பற்றி அவர் பாடிய பாட்டைப் பாடாமல் எங்களில் யாரும் சின்ன வகுப்பைக் கடந்திருக்கமாட்டோம். அந்தப் பாட்டில் பிள்ளைகள் மகிழ்வது கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் மட்டும் அல்ல, பள்ளிக்கூடம் இல்லை என்பதற்காகவும்தான். அதற்குப் புலவர் போட்ட சொல் விடுதலை. அவர் பாடிய காலத்தில் அந்தச் சொல்லைப் பார்த்து ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். பனங்கட்டியும் தேங்காய்ச் சொட்டும் போல வீட்டில் புழங்கிய சொல்.

பிறகு சொல்லின் மேல் பாரம் ஏறியது. 1976இல் ஓர் அரசியல் கூட்டணியின் பெயரில் ஏறியது. பின்னர் இயக்கங்களின் பெயர்களில் ஏறியது. சுவர்களிலும் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் ஏறியது. அந்தப் பாரத்தைப் பற்றி நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. எங்களில் பலருடைய வீட்டுச் சுவரில் மாலை போட்ட ஒரு படம் இருக்கிறது. அவரவருக்கு அவரவர் கணக்கு உண்டு. நான் சொல்ல வந்தது சின்ன விடயம். பெரிய பொருள் வந்து உட்கார்ந்தபோது, அந்தச் சொல்லில் முதலில் குடியிருந்த சின்னப் பொருளுக்கு என்ன நடந்தது என்பது.

1995இல் நான் ஆண்டு பத்து. அந்த வருடம் ஜூலை 9ஆம் திகதி, ஆடிப்பிறப்புக்கு ஒரு கிழமைக்கு முன்னர், புலவரின் அதே நவாலியில், சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த சனத்தின் மேல் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் வீட்டில் அந்த வருடம் கூழ் காய்ச்சவில்லை. அயலிலும் காய்ச்சியதாக நினைவில்லை. ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தெருவுக்கு வந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தில் ஓர் அடி வைக்கவும் நேரம் எடுத்தது. தம்பிக்கு அப்போது ஏழு வயது. சைக்கிள் பாரில் இருந்துகொண்டு, "அம்மா, பள்ளிக்கூடம் எத்தினை நாள் விடுதலை?" என்று கேட்டான். அம்மா பதில் சொல்லவில்லை.

தென்மராட்சியில் எங்களுக்கு இடம் தந்தார்கள். காலையில் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பின்னேரம் எங்களுக்கு. எங்கள் வகுப்பு ஒரு மாமரத்தின் கீழ் நடந்தது. அதற்கு முன்னர் சில கிழமைகள் பள்ளிக்கூடமே இருக்கவில்லை. அந்த நாட்களை நாங்கள் ஒருவரும் விடுதலை என்று சொல்லவில்லை, லீவு என்றும் சொல்லவில்லை. அதற்குப் பெயரே வைக்கவில்லை. பள்ளிக்கூடம் இல்லை என்று பிள்ளைகள் அழுததை நான் அப்போதுதான் முதல்முதலாகக் கண்டேன். இந்தக் கூட்டத்திலும் அந்த மாமரத்தின் கீழ் இருந்தவர்கள் இருக்கிறீர்கள்.

1996இல் திரும்பி வந்தோம். சந்திக்குச் சந்தி காவலரண். ஒருநாள் தம்பியும் அம்மாவும் நானும் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தோம். காவலில் நின்றவர், தனக்குத் தெரிந்த தமிழில் அன்பாகத்தான் கேட்டார், "தம்பி, ஸ்கூல் இல்லையா?" தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்களுக்கு இண்டைக்கு விடுதலை!" என்றான். அம்மாவின் கை தம்பியின் தோளை இறுக்கியதை நான் கண்டேன். அவர் தம்பியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் மூச்சு விடவில்லை. "லீவு, லீவு. ஸ்கூல் லீவு" என்று அம்மா சொன்னார். அவர் சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அம்மா எங்கள் இருவரையும் முன்னால் இருத்தி, "இனி லீவு எண்டு சொல்லிப் பழகுங்கோ. வீட்டுக்குள்ளையும் லீவு எண்டுதான் சொல்லோணும். வாய் பழகினால்தான் வெளியிலை பிழைக்காது" என்றார்.

நாங்கள் பழகினோம். நன்றாகவே பழகினோம். பத்தொன்பது வயதில் மருத்துவ பீடத்துக்குப் போனபோது என் வாயில் லீவு மட்டும்தான் இருந்தது. பயந்துகொண்டு ஒரு சொல்லை விட்டோம் என்பதும் மறந்துபோனது. ஒரு சொல் இப்படித்தான் போகிறது என்று நினைக்கிறேன். ஒருவரும் தடை போடத் தேவையில்லை. ஒரு தாய் தன் பிள்ளைகளை முன்னால் இருத்தி ஒருமுறை சொன்னால் போதும். என் அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அன்று அவர் சொன்னது மருந்து. ஆனால் எந்த மருந்தையும் எப்போது நிற்பாட்டவேண்டும் என்று யாராவது பிறகு சொல்லவேண்டும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த இடத்துக்கு வந்த லீவையும் கொஞ்சம் பார்ப்போம். ஆங்கிலத்தில் 'லீவ்' என்றால் அனுமதி. ஒருவர் கேட்க, இன்னொருவர் கொடுப்பது. அதனால்தான் லீவு 'கேட்கிறோம்', 'போடுகிறோம்', மேலதிகாரி 'தருகிறார்', சிலவேளை 'வெட்டுகிறார்'. விடுதலை யாரும் போடுவதில்லை. அது மணி அடித்தால் வந்துவிடும். எங்கள் தொழிலில் லீவுக்கு ஒரு தங்கச்சியும் உண்டு, 'மெடிக்கல்'. "டொக்டர், மூண்டு நாளைக்கு ஒரு மெடிக்கல் தாங்கோ" என்று ஒருவர் வந்தால் அவருக்கும் மருத்துவத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை, பெரும்பாலும் மச்சானின் கலியாணத்தோடுதான் தொடர்பு என்று விளங்கிக்கொள்ளவேண்டும்.

பெண்களுக்கு லீவு என்ற சொல்லின் பொருள் இன்னும் வேறு. இங்கே இருக்கும் ஆசிரியைகளுக்குத் தெரியும், பிரசவத்துக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் லீவு உண்டு. என் வாழ்க்கையில் நான் மிகக் குறைவாக நித்திரை கொண்டது அந்த லீவில்தான். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையோடு நடந்துகொண்டிருந்தவளைக் காலையில் பார்த்து வந்த ஓர் உறவினர், "நீ இப்ப லீவிலைதானே நிக்கிறாய்" என்றார். அதேபோல 'நல்லநாள் பெருநாள்' என்கிறோம். பொங்கலன்று வெள்ளாப்பில் எழும்பி முற்றம் மெழுகி, அடுப்பு மூட்டி, வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறி, கடைசியில் பானையின் அடியில் இருந்ததைச் சாப்பிடுபவருக்கு அது எந்த வகையில் ஓய்வு நாள்? கிளினிக்கில் ஓய்வெடுங்கோ என்று நான் சொன்னால் எங்கள் அம்மாமார் சிரிக்கிறார்கள். ஓய்வு என்றால் அவர்களுக்கு ஓய்வூதியம் ஒன்றுதான், அதுவும் வேலை பார்த்தவருக்கு.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் உங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும், கோபிக்கக்கூடாது. உங்கள் பிள்ளைகளுக்கு 'ஊர்' என்பதே இன்று ஒரு லீவுச் சொல். எங்களுக்கு ஊர் என்றால் கிணறு, தண்ணீர் வரி, மழை வெள்ளம், அயலவனோடு வேலிச் சண்டை. உங்கள் பிள்ளைகளுக்கு ஊர் என்றால் ஓகஸ்ட், நல்லூர்த் திருவிழா, ஐஸ்கிறீம், அம்மம்மா. நல்லூர்க் கொடி ஏறி இருபத்தைந்து நாளும் இங்கே இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இரட்டிப்புச் சமையல். உங்களுடைய லீவு எங்களுடைய ஓவர்ரைம். அதை நாங்கள் சந்தோசமாகத்தான் செய்கிறோம். ஆனால் அடுத்த முறை வரும்போது ஒருநாள் அக்காவைக் கதிரையில் இருத்திவிட்டு நீங்கள் சமையுங்கள். அக்காவுக்கும் ஒரு விடுதலை கிடைக்கட்டும்.

செயலாளர் அக்கா நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும்தான் தடுத்தார், டெங்குவைத் தடுக்கவில்லை. ஆகவே ஒரு நிமிடம். மார்கழி லீவுக்குப் பலர் ஊருக்கு வருவீர்கள். இங்கே மாரி மழை முடிகிற அந்தக் காலம்தான் டெங்கு கூடுகிற காலமும். "காய்ச்சல் விட்டிட்டுது" என்பது எங்கள் மொழியில் மிக இனிமையான வசனங்களில் ஒன்று. தாய்மார் அதைச் சொல்லும்போது முகம் மலரும். ஆனால் டெங்குவில் அந்த வசனத்தின் பொருள் மாறிவிட்டது. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் விடுகிற அந்த நேரத்தில்தான் சிலருக்கு இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். காய்ச்சல் விட்ட பிள்ளை எழும்பி விளையாடினால் நல்லது. காய்ச்சல் விட்ட பிள்ளை சோர்ந்து கிடந்தால், வயிற்று நோ என்றால், சத்தி எடுத்தால், கை கால் குளிர்ந்தால், சிறுநீர் குறைந்தால், எங்காவது இரத்தம் கசிந்தால், விடியட்டும் என்று இருக்கவேண்டாம். உடனே கொண்டு வாருங்கள். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் அளவோடு கொடுங்கள். புரூபன் போன்ற நோ மருந்துகளை வெளிநாட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கவேண்டாம். சொல் பழையது, நோய் புதியது. பழைய சொல்லை நம்பிப் பிந்தி வந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

சரி, முடிக்கிறேன். போன வருடம் என் மகள் சின்ன வகுப்பில் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டைப் படித்துவிட்டு வந்தாள். பாடிக்காட்டினாள். பிறகு கேட்டாள், "அம்மா, இதிலை ஏன் விடுதலை எண்டு வருது? ஆர் மறியலிலை இருந்தது?"

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவள் பிறந்தபோது போர் முடிந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. அவளுடைய தெருவில் காவலரண் இல்லை. ஊரடங்கு என்றால் அவளுக்கு 2020இல் தொலைபேசியில் நடந்த வகுப்பு. அவளுக்குப் பயம் ஒன்றும் இல்லை. சொல் மட்டும் இல்லை. என் அம்மா எங்கள் வாயிலிருந்து எடுத்ததை நான் அவள் வாயில் திரும்ப வைக்கவே இல்லை. நான் சொன்னேன், "ஒருத்தரும் மறியலிலை இருக்கேல்லை, குஞ்சு. நாங்கள் சின்னப்பிள்ளையளா இருக்கேக்கை பள்ளிக்கூட லீவை அப்பிடித்தான் சொல்லுறனாங்கள்." அவள் யோசித்துவிட்டு, "அது லீவை விட நல்லாயிருக்கு" என்றாள்.

இந்நாள் மாணவிகளிடமும் வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் தங்கச்சிமாரிடமும் நான் கேட்பது பெரிய வேலை ஒன்றும் இல்லை. பெரிய பொருள் அதன் இடத்தில் இருக்கட்டும். அதற்கு உயிர் கொடுத்தவர்களும் உயிர் இழந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சின்னப் பொருளையும் வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளுங்கள். சித்திரை விடுதலை, ஆவணி விடுதலை, மார்கழி விடுதலை என்று வருடத்துக்கு மூன்று தரம் பிள்ளைகள் காதில் விழட்டும். ஆடிப்பிறப்பன்று லண்டனிலோ ரொறன்ரோவிலோ கூழ் காய்ச்சினால், அந்தப் பாட்டைப் பாடினால், அந்த ஒரு சொல்லில் நின்று பிள்ளைக்கு விளக்கம் சொல்லுங்கள். சொல்லத் தெரிந்த கடைசி வயதுக்காரர் நாங்கள்தான்.

வாட்டில் இருந்த அந்த அம்மாவுக்கு என்ன நடந்தது என்று சொல்லாமல் விட்டால் ரீச்சர்மார் ஏசுவார்கள். மருந்து வேலை செய்தது. நாலாம் நாள் தெளிந்துவிட்டார், ஆனால் முழுதாக அல்ல. துண்டு வெட்டும் நாளில், மதியம் கழிந்து, நான் கட்டிலடிக்குப் போனேன். அந்த இளம் வைத்தியரும் பக்கத்தில் நின்றார். அவருக்கு நான் விடயத்தை விளங்கப்படுத்தியிருந்தேன். இந்த முறை குரலைத் தணிக்கவில்லை. வாட் முழுவதும் கேட்கத்தான் சொன்னேன்: "ரீச்சர், மணி அடிச்சாச்சு. விடுதலை."

அவர் சீலையைச் சரிசெய்துகொண்டு கால்களைக் கீழே வைத்தார். எழும்பவில்லை. வாட் வாசலைப் பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டார், "பிள்ளையள் எல்லாரும் போட்டினமோ?"

முப்பது வருடத்துக்கு மேல் ஒவ்வொரு நாளும் கடைசிப் பிள்ளை படலையைத் தாண்டும்வரை நின்று பார்த்த ஒருவர் அவர். இந்த முன்வரிசையில் இருப்பவர்களும் அப்படி நின்றவர்கள்தான். குண்டு விழுந்த காலத்திலும், மாமரத்தின் கீழும், எங்களை எண்ணி எண்ணி அனுப்பியவர்கள்.

"ஓம் ரீச்சர். எல்லாரும் வீட்டை போட்டினம்" என்றேன். அப்போதுதான் அவர் எழும்பினார்.

ரீச்சர்மாரே, நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று என்னால் சொல்லமுடியாது. சிலர் வரவில்லை. வந்தவர்கள் இங்கே இருக்கிறோம். எங்களை நின்று பார்த்து அனுப்பியதற்கு நன்றி.

செயலாளர் அக்கா மணிக்கூட்டைப் பார்க்கிறா. சாப்பாட்டுக்கு விடுதலை.